பெரிய கிராணியின் சப்பாத்து ரோமாபுரி போன கதை

ரோமாபுரியைப் பார்த்துவிட்டு வந்தவர் என்று என்னை இன்றும் சிலர் அறிமுகப்படுத்துகிறார்கள். அதைக் கேட்டதும் எதிரில் இருப்பவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். போப்பாண்டவரைப் பார்த்தீர்களா, சிங்கத்தோடு மனுஷனைச் சண்டை போடவிட்ட அந்த வட்ட மண்டபம் எப்படி இருக்கிறது என்று வரிசையாகக் கேட்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நான் மூன்று வாரம் ரோமாபுரியில் இருந்தேன். அதில் முக்கால்வாசி நேரம் நான் பார்த்தது ஊர்க்காரர்களின் கால்களைத்தான். ஏன் என்று சொன்னால் சிரிக்கிறார்கள். சொல்லாவிட்டால் கர்வம் பிடித்தவன் என்கிறார்கள். எழுதி வைத்துவிட்டால் இரண்டு தொல்லையும் விட்டது.

அப்போது முப்பதுகளின் தொடக்கம். நான் காப்பார் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்து, கிள்ளானில் இங்கிலீஷ் படித்து, கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே சரக்கு ஆபீசில் கிராணியாக இருந்தேன். குமாஸ்தாவை எங்கள் பக்கத்தில் கிராணி என்போம். எனக்கு வேறு எந்தத் திறமையும் கிடையாது, கையெழுத்து மட்டும் அச்சடித்தது போல இருக்கும். அந்தக் கையெழுத்துதான் என்னைக் கப்பலேற்றியது.

பாலம் கட்டும் துரை ஒருவர் ஓய்வு பெற்று ஊர் திரும்ப இருந்தார். கண்ணில் ஏதோ கோளாறு, படிக்கவோ எழுதவோ கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவருக்கோ தான் கட்டிய பாலங்களைப் பற்றிப் புத்தகம் எழுதியே தீர வேண்டும். போகிற வழியில் ரோமாபுரியில் இருக்கும் தன் அக்கா வீட்டில் மூன்று வாரம் தங்குவார். அதுவரை கூடவே வந்து, அவர் சொல்லச் சொல்ல எழுத ஒரு கிராணி வேண்டும். ஆபீசில் எல்லார் கையெழுத்தையும் வாங்கிப் பார்த்தார்கள். என்னுடையதை மட்டும்தான் துரையால் பூதக்கண்ணாடி வைத்தாவது படிக்க முடிந்ததாம்.

செய்தி பிரிக்பீல்ட்ஸ் முழுக்கப் பரவியது. அம்மா அங்கே அரிசி கிடைக்குமா என்று மட்டும் கேட்டுவிட்டு ஒரு ஜாடி எலுமிச்சை ஊறுகாய் போட ஆரம்பித்தார். எனக்கு முடி வெட்டுகிறவர் கத்தரியை நிறுத்திவிட்டு யோசித்தார்.

"ரோமாபுரியா? பேர்லயே ரோமம் இருக்குல்ல. அப்ப அந்த ஊர்ல நமக்கு நல்ல பொழப்புலா. போய்ப் பாத்துட்டு ஒரு கடுதாசி போடுங்கண்ணே."

இதில் சிக்கல் எங்கே வந்ததென்றால், காலில். துரையின் அக்கா கறாரான மேம். தோல் சப்பாத்து போடாதவன் அவர் வீட்டுப் படியேற முடியாது என்று துரை சொல்லிவிட்டார். பூட்சைத்தான் நாங்கள் சப்பாத்து என்போம், மலாய்க்காரர் செபாத்து என்பார். என்னிடம் இருந்தது சுண்ணாம்பு தடவி வெளுப்பாக்கிய கேன்வாஸ் ஜோடி ஒன்றுதான். ஹை ஸ்ட்ரீட்டில் சப்பாத்து தைக்கும் சீனரிடம் போய் அளவு கொடுத்தால், இரண்டு வாரம் ஆகும் என்றார். கப்பலுக்கு ஐந்து நாள்தான் இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் பெரிய கிராணி என்னைத் தன் குவாட்டர்ஸுக்கு வரச் சொன்னார். வாயால் சொல்லவில்லை, சீட்டு அனுப்பினார். அவர் எங்கள் ஆபீசின் தலைமைக் குமாஸ்தா. எதையும் எழுத்தில் கொடு என்பார். பியூனிடம் தேநீர் கேட்பதென்றால்கூட "தேநீர் இரண்டு, ஒன்றில் சீனி குறைவு" என்று எழுதித் தேதி போட்டுக் கையெழுத்திட்டுக் கொடுப்பார். தன் மனைவியையே மூன்று பிரதியில் விண்ணப்பம் போட்டுத்தான் பெண் கேட்டார் என்று ஆபீசில் ஒரு பேச்சு உண்டு.

அவருடைய ஒரே மகளை எனக்குப் பேசியிருந்தார்கள். இன்னும் தட்டு மாற்றவில்லை, வாய்ப்பேச்சுதான். அந்தப் பெண்ணை நான் மூன்று தடவை பார்த்திருந்தேன். மூன்று தடவையும் அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாள். எதைப் பார்த்து என்று எனக்குப் புரியவில்லை. என்னைப் பார்த்துத்தான் என்று நண்பர்கள் சொன்னார்கள். ஆனாலும் கட்டினால் இவளைத்தான் கட்டுவது என்று நான் முடிவு செய்துவிட்டேன். அவளை எனக்கு அவ்வளவு பிடித்துப்போயிற்று.

பெரிய கிராணி உள்ளே போய் ஒரு பிஸ்கட் டின்னை எடுத்து வந்தார். டின்னுக்குள் துண்டு, துண்டுக்குள் ஒரு ஜோடி கறுப்புச் சப்பாத்து. முன்பக்கம் முழுக்கப் பொடிப் பொடித் துளையாகப் பூவேலை. முகம் பார்க்கலாம் போல மினுங்கியது. மன்னர் பிறந்தநாள் அணிவகுப்புக்கும், பெரிய அதிகாரிகள் ரயிலில் வந்து இறங்கும் நாளிலும் மட்டும்தான் அவர் அதைப் போடுவார். நாங்கள் தூர நின்று பார்த்திருக்கிறோம்.

"என் மொத துரை ஊருக்குக் கப்பலேறுறப்ப தன் காலுல இருந்து கழட்டி என் கையில குடுத்தது தம்பி இது. இதப் போட்டுக்கிட்டு நின்னா ஒருத்தனும் என்னை டேய்னு கூப்பிட மாட்டான். அங்க உன்னையும் யாரும் அப்படிக் கூப்பிடக் கூடாது."

நான் போட்டுப் பார்த்தேன். அளவெடுத்துத் தைத்தது போல இருந்தது. உள்ளே மெத்தைத் தோலில் தன் பெயர், பதவி, கோலாலம்பூர் என்ற மூன்றையும் அழியாத மையில் எழுதியிருந்தார்.

"பத்திரமா கொண்டாந்துருன்னு நான் சொல்ல மாட்டேன்," என்றார். "நீ கொண்டாந்துருவ. ஒரு ஜோடி சப்பாத்தப் பாத்துக்கத் தெரியாதவன்கிட்ட என் பொண்ண எப்படித் தம்பி குடுக்கிறது?"

உள்ளே திரைச்சீலை லேசாக ஆடியது. நான் சரி என்று தலையாட்டினேன். போர்ட் ஸ்வெட்டன்ஹாம் துறைமுகத்துக்கு வழியனுப்ப வந்தபோதும் அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. கப்பல் நகரும்வரை என் காலையே பார்த்துக்கொண்டு நின்றார்.

கப்பலில் பாலங்களைப் பற்றி எழுதினேன். தூண், வளைவு, ஆணி, மறுபடி தூண். கடல் கொந்தளித்த நாளில் துரை படுத்தபடி சொன்னார், நான் வாளியைக் கட்டிப்பிடித்தபடி எழுதினேன். நேப்பிள்ஸில் இறங்கி ரயிலேறி ரோமாபுரி போய்ச் சேர்ந்தோம்.

ஊரைப் பற்றி நாலு வார்த்தை சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் இந்தக் கதையைப் படிக்கிறவர்கள் சண்டைக்கு வருவார்கள். ரோமாபுரி பெரிய ஊர், ஆனால் பராமரிப்பு போதாது. எங்கே பார்த்தாலும் இடிந்த சுவர், கூரையில்லாத தூண், மூக்கில்லாத சிலை. இது எப்போது இடிந்தது என்று துரையிடம் கேட்டேன். ஆயிரத்து ஐந்நூறு வருஷம் இருக்கும் என்றார். இத்தனை வருஷமாக ஏன் இதை அப்புறப்படுத்தவில்லை என்று கேட்டேன். அவர் இருமினார். கோலாலம்பூர் ஸ்டேஷனில் ஒரு மூட்டை இரண்டு நாள் பிளாட்பாரத்தில் கிடந்தால் எங்களுக்கு விளக்கம் கேட்டுக் கடிதம் வந்துவிடும். வட்ட மண்டபத்தையும் காட்டினார்கள். பாதிதான் நிற்கிறது. எங்கள் ஸ்டேஷனின் வெள்ளை மாடங்களைப் பார்த்துவிட்டுப் போனவனுக்கு அது ஒன்றும் பெரிதாகப் படவில்லை.

சாப்பாடு பரவாயில்லை. இடியாப்பத்தைச் சுற்றிப் பிழியாமல் நூலாகவே நீளமாக விட்டுத் தக்காளிக் குழம்பு ஊற்றித் தருகிறார்கள். ஊறுகாய் வைத்துச் சாப்பிட்டேன். மேம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். தெருவில் ஒரு நாள் கறுப்புச் சட்டைக்காரர்கள் வரிசையாகப் போனார்கள். யாரோ பெரிய மனிதர் காலமாகிவிட்டார் என்று நினைத்துத் தொப்பியைக் கழற்றித் துக்கமாக நின்றேன். அவர்கள் என்னை முறைத்துக்கொண்டே போனார்கள். அது துக்கம் இல்லை, அந்த நாட்டை ஆளும் கட்சிப் படையின் உடுப்பு என்று துரை பிறகு சொன்னார்.

நான்காம் நாள் காலை துரை தூங்கிக்கொண்டிருந்தார். மேம் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி, சந்தைச் சதுக்கத்தில் ஒரு மாதா கோயில் இருந்தது. நான் சைவன்தான். ஆனாலும் வந்த ஊர்ச் சாமியைக் கும்பிடாமல் இருப்பது மரியாதை இல்லை. கிள்ளானில் நம் ஆட்கள் மாதா கோயிலுக்குப் போனாலும் காலில் கிடப்பதை வாசலில் விட்டுவிட்டுத்தான் உள்ளே போவார்கள். அதனால் படியேறியதும் நான் குனிந்து சப்பாத்தைக் கழற்றினேன்.

கழற்றியதும் கவலை வந்தது. பெரிய கிராணியின் சப்பாத்தை அப்படியே படியில் விட முடியுமா? சுற்றிலும் பார்த்தேன். வாசல் ஓரமாக முக்காலி போட்டு, கறுப்பு முக்காடிட்டு ஒரு கிழவி உட்கார்ந்திருந்தாள். முன்னால் ஒரு தகரத் தட்டு, தட்டில் சில காசுகள். எனக்கு உயிர் வந்தது. நம் கோயில்களில் செருப்புப் பார்த்துக்கொள்கிறவர் இப்படித்தான் உட்கார்ந்திருப்பார். வாசல் இருந்தது, ஆள் இருந்தது, தட்டும் இருந்தது. இதற்கு மேல் ஒரு மனிதன் என்ன விசாரிப்பது?

காலுறைகளைச் சுருட்டி உள்ளே வைத்து, இரண்டு கையாலும் சப்பாத்தை அவளிடம் நீட்டினேன். தட்டில் ஒரு காசும் போட்டேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள். சப்பாத்தைப் பார்த்தாள். என் வெறுங்காலைப் பார்த்தாள். பிறகு சப்பாத்தை வாங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள். என் கையைப் பிடித்து முத்தமிட்டாள். எனக்குக் கூச்சமாகிவிட்டது. நம் ஊரில் செருப்புப் பார்க்கிறவர் நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டார். இவர்கள் ஒரு வேலையை எவ்வளவு பக்தியோடு செய்கிறார்கள், நாகரிகம் என்றால் இதுதான் என்று நினைத்துக்கொண்டே உள்ளே போனேன்.

பளிங்குத் தரை ஐஸ் போலச் சில்லிட்டது. ஜெபம் செய்துகொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராக ஜெபத்தை நிறுத்திவிட்டு என் காலைப் பார்த்தார்கள். ஒரு மூதாட்டி என்னைப் பார்த்துச் சிலுவை போட்டுக்கொண்டார். நான் கண்ணை மூடி, பெரிய கிராணியின் மகளை எனக்குக் கட்டி வை தாயே என்று உருக்கமாக வேண்டிக்கொண்டேன். வெகுநேரம் வேண்டினேன். அவ்வளவு நேரம் வேண்டியிருக்கக் கூடாது.

வெளியே வந்தால் கிழவி இல்லை. முக்காலியும் தட்டும் சப்பாத்தும் இல்லை. தேநீர் குடிக்கப் போயிருப்பாள் என்று படியில் உட்கார்ந்தேன். அரை மணி நேரம் ஆயிற்று. சந்தைக்காரர்கள் என்னைக் காட்டி ஏதோ பேசிக்கொண்டார்கள். அதற்குப் பிறகுதான் அவள் வரமாட்டாள் என்று உறைத்து, அந்தப் படியிலேயே அழுதுவிட்டேன். உள்ளே ஓடிப்போய், மெழுகுவத்தித் தண்டைத் துடைத்துக்கொண்டிருந்த கோயில் ஆளைப் பிடித்தேன். எனக்கு இத்தாலி பாஷையில் ஒரு சொல்கூடத் தெரியாது. காலைக் காட்டி, வாசலைக் காட்டி, தமிழிலேயே கதறினேன்.

"சப்பாத்து, என் சப்பாத்து."

அந்த ஆளின் முகம் மலர்ந்தது. "சபாத்தே?" என்றான்.

எனக்கு அவனைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. இத்தனை கடல் தாண்டி வந்தாலும் சப்பாத்து சப்பாத்துதான். ஆமாம் ஆமாம் என்று பலமாகத் தலையாட்டினேன். அவன் பொறு என்று கையைக் காட்டிவிட்டு உள்ளே போனான். நான் மாதாவுக்கு நன்றி சொன்னேன். அவன் திரும்பி வந்து என் முன்னால் வைத்தது, குதிகால் மிதிபட்டு, கட்டைவிரல் பக்கம் ஓட்டை விழுந்த ஒரு ஜோடி பழைய கம்பளிச் செருப்பு.

இது இல்லை, சப்பாத்து என்றேன். அவன் செருப்பைக் காட்டி சபாத்தே என்றான். நான் மறுபடி சப்பாத்து என்றேன். அவன் மறுபடி சபாத்தே என்றான். இப்படி இருவரும் ஒருவர் சொன்னதை ஒருவர் ஒப்புக்கொண்டே ஐந்து நிமிஷம் தகராறு செய்தோம். கடைசியில் அவன் குனிந்து என் காலைப் பிடித்துத் தானே அந்தச் செருப்பை மாட்டிவிட்டான்.

தப்பு தப்பு என்று சத்தம் வர வீடு போய்ச் சேர்ந்தேன். மேம் கதவைத் திறந்தார். கீழே பார்த்தார். நான் நடந்ததைச் சொன்னேன். சொல்லி முடிப்பதற்குள் அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அவர் சிரித்து துரையே பார்த்ததில்லையாம். இத்தாலி பாஷையில் சபாத்தே என்றால் தேய்ந்துபோன பழஞ்செருப்பு என்றார். கோயில் வாசலில் உட்காருகிற கிழவிகள் பிச்சைக்காரிகள் என்றும் சொன்னார். அந்த ஊர் மாதா கோயிலில் யாரும் செருப்பைக் கழற்றுவது கிடையாதாம். ஆகவே நான் ஒரு பிச்சைக்காரிக்கு என் காலில் இருந்ததைக் கழற்றித் தானம் கொடுத்துவிட்டு வெறுங்காலோடு சாமி கும்பிடப் போயிருக்கிறேன்.

மத்தியானம் வீட்டு வேலைக்காரி சந்தையிலிருந்து இன்னும் பெரிய செய்தியோடு வந்தாள். இந்தியாவிலிருந்து ஒரு மகாராஜா மாறுவேஷத்தில் வந்திருக்கிறார், ஏதோ விரதமாம், தன் சப்பாத்தை ஒரு ஏழைக் கிழவிக்குக் கொடுத்துவிட்டு அழுதுகொண்டே படியில் உட்கார்ந்திருந்தார் என்று சந்தையே பேசுகிறதாம். அழுதது நிஜம்தான்.

எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அதே போல ஒரு ஜோடி வாங்கிக்கொண்டு போய்விடலாம் என்று துரை சொன்னார். வாங்கலாம். உள்ளே இருக்கும் பெரிய கிராணியின் கையெழுத்தை எங்கே வாங்குவது? என் கையெழுத்து அச்சு, அவருடையது கோழி கிளறியது. எத்தனை முயன்றாலும் எனக்கு அந்த மாதிரி வராது. சப்பாத்து போனால் பெண் போச்சு. அன்று முழுக்க எனக்கு வேறு நினைப்பே இல்லை. கடைசியில் மேம் இரக்கப்பட்டு, இத்தாலி பாஷையில் ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார். தவறுதலாகக் கொடுத்துவிட்டேன், அது இரவல் பொருள், தயவுசெய்து திருப்பித் தரவும், பதிலுக்கு ஏதாவது தருகிறேன் என்று அதில் இருந்தது.

மறுநாள் காலை சீட்டோடு போனேன். சதுக்கத்தில் கால் வைத்ததும் சந்தை அமைதியாகிவிட்டது. மீன்காரர் தொப்பியைக் கழற்றினார். கம்பளிச் செருப்பைப் பார்த்து இரண்டு பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். மகாராஜா இன்னும் விரதத்தை முடிக்கவில்லை என்று நினைத்தார்கள் போலிருக்கிறது.

கிழவி வாசலில் இருந்தாள். முக்காலியில் உட்காரவில்லை, நின்றுகொண்டிருந்தாள். காலில் பெரிய கிராணியின் சப்பாத்து. அவளுடையது சின்னக் கால். குதிகால் பக்கம் இரண்டு விரல் இடைவெளி இருந்தது, முன்பக்கம் பத்திரிகைத் தாளைச் சுருட்டி அடைத்திருந்தாள். தாளின் ஓரம் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. என்னைக் கண்டதும் ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டு சந்தைக்காரர்களுக்கெல்லாம் என்னைக் காட்டினாள். பிறகு எனக்காகவே படியில் இறங்கி, ஏறி, மறுபடி இறங்கி நடந்து காட்டினாள். பிளாட்பாரத்தில் அதிகாரி வருவது போல இருந்தது.

நான் சீட்டை நீட்டினேன். அவளுக்குப் படிக்கத் தெரியவில்லை. அதையும் முத்தமிட்டுவிட்டு, பக்கத்தில் ஆரஞ்சு விற்றுக்கொண்டிருந்தவரிடம் கொடுத்தாள். பெரிய மீசை, கனத்த குரல் அந்த ஆளுக்கு. கூட்டம் சூழ்ந்துகொண்டது. அவர் சீட்டைப் பிரித்து ஒரு தடவை மனசுக்குள் படித்தார். என்னைப் பார்த்தார். கிழவியின் காலைப் பார்த்தார். மறுபடி என்னைப் பார்த்தார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு உரக்க வாசித்தார்.

என்ன வாசித்தார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. மேம் எழுதியது நாலு வரி. அவர் வாசித்தது நல்ல நீளம். நடுவில் கையை வானத்துக்கு உயர்த்தினார். முடித்ததும் கூட்டம் கைதட்டியது, கிழவி முக்காட்டால் முகத்தை மூடிக்கொண்டாள். அவர் சீட்டை நாலாக மடித்து என் சட்டைப்பையில் தானே வைத்து, கையில் ஒரு ஆரஞ்சையும் கொடுத்தார். என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அப்போதும் நான் நினைத்திருந்தால் கேட்டிருக்கலாம். காலைக் காட்டிக் கையை நீட்டினால் எந்தப் பாஷைக்காரருக்கும் புரியும். பெரிய கிராணியின் மகள் சிரிப்பை அடக்கிக்கொண்டு நிற்கும் முகம் எனக்கு நன்றாக நினைவுக்கு வந்தது. ஆனால் அந்தக் கிழவியின் காலில் கை வைத்துக் கழற்ற எனக்கு மனசு வரவில்லை. கை கூப்பிக் கும்பிட்டுவிட்டு, ஆரஞ்சைத் தின்றுகொண்டே வந்துவிட்டேன். இனிப்பாகத்தான் இருந்தது.

மிச்ச நாட்களை அந்தக் கம்பளிச் செருப்போடு கழித்தேன். கண்ணை எடுக்காமல் ஊர்க்காரர்களின் கால்களையே பார்த்துக்கொண்டு நடந்தேன். துளைப் பூவேலை போட்ட சப்பாத்து எதைக் கண்டாலும் பெரிய கிராணியுடையதோ என்று நின்று பார்த்தேன். போப்பாண்டவர் எந்தப் பக்கம் இருந்தாரோ எனக்குத் தெரியாது.

திரும்பி வரும் கப்பலில் பொய் தயாரித்தேன். கப்பல் எலி தின்றுவிட்டது என்று ஒன்று. சுங்கக்காரர்கள் பிடுங்கிக்கொண்டார்கள் என்று ஒன்று. ஏடன் வரும்போது எலிப் பொய்யை நன்றாக மெருகேற்றி வைத்திருந்தேன், எலியின் நீளம்கூடத் தயார். குவாட்டர்ஸ் வாசலில் பெரிய கிராணி என்னை வா என்றுகூடச் சொல்லவில்லை.

"சப்பாத்து எங்க தம்பி?" என்றார்.

எலி ஓடிவிட்டது. கழற்றியதிலிருந்து ஆரஞ்சு வரைக்கும் உள்ளதை உள்ளபடி கொட்டிவிட்டேன். கோயில் ஆளும் நானும் தகராறு செய்த இடத்தில் திரைச்சீலைக்குப் பின்னால் தும்மல் போல ஒரு சத்தம் வந்தது. அது தும்மல் இல்லை. பெரிய கிராணி மட்டும் சிரிக்கவில்லை. நான் பரிகாரமாகக் கொண்டுவந்த கம்பளிச் செருப்பைத் தொடவும் இல்லை.

"எழுத்துல குடு," என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

அன்று முதல் ஆபீசில் ஒரு கோப்பு உருவானது. அவர் மேசைக்கும் என் மேசைக்கும் பத்தடி தூரம். நான் மூன்று பக்கம் விளக்கம் எழுதி அனுப்பினேன். சிவப்பு மையில் கேள்விகளோடு திரும்பி வந்தது. "பத்தி இரண்டு: காசு போட்டபின் ரசீது ஏன் கேட்கவில்லை?" கேட்கும் வழக்கம் இல்லை என்று எழுதினேன். "பத்தி நான்கு: கிழவி ஏன் அழுதாள்?" சந்தோஷத்தால் இருக்கலாம் என்று எழுதினேன். "இருக்கலாம் என்பது பதில் ஆகாது." சந்தோஷத்தால் என்று திருத்தினேன். "என் பெயர் இப்போது யார் காலடியில் இருக்கிறது?" இதற்கு என்ன எழுதுவது என்று ஒரு நாள் முழுக்க யோசித்து, மேற்படி கிழவி என்று எழுதினேன். ஆரஞ்சு வியாபாரி என்ன வாசித்தார் என்பதற்கு உத்தேச மொழிபெயர்ப்பு வேண்டும் என்றும் கேட்டிருந்தார்.

கோப்பைச் சுமந்தது வயதான பியூன். பத்தடி நடப்பதற்குள் பெருமூச்சு விடுவார்.

"கிராணி, நீங்க ரெண்டு பேரும் வாயத் தொறந்து பேசுனா என்னலா? எனக்குக் காலு வலிக்குது."

மூன்று வாரம் இப்படிப் போயிற்று. கல்யாணப் பேச்சை யாரும் எடுக்கவில்லை. கிள்ளானில் வேறொரு கிராணிக்கு அந்தப் பெண்ணைக் கொடுக்கப் போகிறார்கள் என்று ஒருவர் காதில் போட்டார். எனக்குத் தூக்கம் போயிற்று. ஒரு திங்கட்கிழமை கோப்பு வந்தபோது ஒரே ஒரு கேள்விதான் இருந்தது.

"கிழவிக்கு அளவு பொருந்தியதா? ஆம் அல்லது இல்லை."

இல்லை என்று எழுதினேன். இதற்கும் விளக்கம் கேட்பார் என்று தெரியும் என்பதால் கூடவே எழுதினேன்: "மிகவும் பெரிது. முன்பக்கம் பத்திரிகைத் தாள் அடைத்துப் போட்டிருந்தாள். நடக்கும்போது தலை நிமிர்ந்திருந்தது."

கோப்பு அன்று திரும்பவில்லை. செவ்வாயும் வரவில்லை. புதன்கிழமை மத்தியானம் பியூன் கொண்டுவந்து வைத்தார். சிவப்பு மை இல்லை. பென்சிலில், வழக்கத்தைவிடச் சின்ன எழுத்தில், இரண்டு வரி இருந்தது.

"நானும் தாள் அடைத்துத்தான் போட்டேன்.

வெள்ளிக்கிழமை அம்மாவை அழைத்துக்கொண்டு வீட்டுக்கு வரவும்."

நிமிர்ந்து பார்த்தேன். அவர் சரக்கு வண்டிப் பட்டியலில் முகத்தைப் புதைத்துக்கொண்டிருந்தார், நிமிரவே இல்லை. கோப்பு முடிந்தால் ரெக்கார்டு அறைக்குப் போகும், அங்கே யார் வேண்டுமானாலும் பிரித்துப் படிப்பார்கள். நான் ரப்பரை எடுத்து முதல் வரியை மட்டும் சுத்தமாக அழித்தேன். கீழே "பார்த்தேன், வருகிறேன்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, பியூனைக் கூப்பிட்டேன்.